நூறு கண்ட பேராசிரியர்

புனே நகருக்கு நான் படிக்கப் புறப்பட்டபோது வீட்டில் ஆளுக்கு ஓர் அறிவுரை கூறினார்கள். குளிர் மிகுந்த ஊர், கம்பளியை மறந்துவிடாதே என்றார் அம்மா. செலவுக்குக் கணக்கு எழுதி வை என்றார் அப்பா. பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றிருந்த தாத்தா மட்டும் வேறொன்று சொன்னார். நீ போவது பேராசிரியர் தியோதர் வாழ்ந்த ஊர். அவர் பாடம் சொன்ன கல்லூரியை ஒருமுறை பார்த்துவிட்டு எனக்கு ஒரு கடிதம் எழுது என்றார்.

தாத்தாவுக்கு விளையாட்டு என்றால் உயிர். அறுபது வயதைக் கடந்த பின்னும் மாலை வேளையில் ஊர்ப் பிள்ளைகளோடு கைப்பந்து ஆடுவார். கிரிக்கெட் நடக்கும் நாட்களில் வானொலிப் பெட்டியை விட்டு அகலமாட்டார். வயதாகிவிட்டதே, இனி எதற்கு ஓட்டமும் ஆட்டமும் என்று யாரேனும் கேட்டால், தியோதரின் கதையைச் சொல்லிச் சிரிப்பார்.

புனேக்கு வந்தேன். திலகர் சாலையில் உள்ள சர் பரசுராம்பாவ் கல்லூரியின் வாயிலைப் பலமுறை கடந்து சென்றேன். கடிதம் மட்டும் எழுதவில்லை. தேர்வு முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று நாளைக் கடத்தினேன். எழுத வேண்டும் என்று உட்கார்ந்தபோது, படிக்கத் தாத்தா இல்லை. அவருக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை, நண்பர்களே, இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

தினகர் பல்வந்த் தியோதர் 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14-ஆம் நாள், பூனா என்று அன்று வழங்கிய இந்த நகரில் பிறந்தார். நம் ஊரில் பொங்கல் பொங்கும் நாட்களில் பிறந்த பிள்ளை! படிப்பிலும் கெட்டிக்காரர், ஆட்டத்திலும் கெட்டிக்காரர். வடமொழி கற்றுத் தேர்ந்து, சர் பரசுராம்பாவ் கல்லூரியில் அம்மொழிக்குப் பேராசிரியராக விளங்கினார். வகுப்பில் இலக்கணமும் காவியமும். மைதானத்தில் பந்தும் மட்டையும். இரண்டும் ஒருவரிடம் சேருமா என்று நாம் ஐயுறுகிறோம். அவரிடம் சேர்ந்தன. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் கைவிட்டதில்லை.

முதல்தர ஆட்டத்தில் அவர் அடியெடுத்து வைத்தது 1911-ஆம் ஆண்டில். அப்போது வயது 19. அவர் ஆட்டத்தை விட்டு விலகியபோது 1940-களின் பிற்பகுதி வந்துவிட்டது. இடையில் இரண்டு உலகப் போர்கள் மூண்டு அடங்கின. முதற்போருக்கு முன்னும் இரண்டாம் போருக்குப் பின்னும் முதல்தர கிரிக்கெட் ஆடியவர்கள் உலகிலேயே மிகச் சிலர். அந்தச் சிலரில் நம் பேராசிரியர் ஒருவர்.

நாடு முழுவதும் அவர் பெயரை அறிந்தது 1926-இல். ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம்.சி.சி. அணி இந்தியாவுக்கு வந்திருந்தது. ஆளும் இனத்தார் கற்றுக்கொடுத்த ஆட்டத்தில் ஆளப்படுவோர் அவர்களுக்கு ஈடாக நிற்க முடியுமா என்ற கேள்வி அன்று பலர் உள்ளத்தில் இருந்தது. டிசம்பர் முதல் நாளன்று சி. கே. நாயுடு பம்பாயில் 153 ஓட்டங்கள் குவித்து அதற்கு ஒரு விடை சொன்னார். அதே மாதம், அதே பம்பாயில், அகில இந்திய அணிக்காக ஆடிய தியோதர் 148 ஓட்டங்கள் எடுத்து மறு விடை சொன்னார். முதல் இன்னிங்சில் இந்திய அணி முன்னிலை பெற்றது. இந்தியர்களும் சமமாக ஆடத்தக்கவர்களே என்ற நம்பிக்கை அந்தப் பயணத்தில்தான் வேரூன்றியது. 1928-இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் தோன்றியது. 1932-இல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது.

அந்த அணியில் தியோதர் இல்லை. நாற்பது வயதை எட்டியிருந்தார். வாயிற்கதவு திறக்கும் என்பதற்கு முன்னின்று சான்று காட்டியவர்களில் ஒருவர் அவர். கதவு திறந்தபோது உள்ளே செல்லும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அதன் பின்னும் வாய்க்கவில்லை. ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் ஆடாமலே அவர் ஆட்ட வாழ்வு முடிந்தது.

இந்த இடத்தில்தான் தாத்தா கதையைச் சற்று நிறுத்துவார். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்பார். மட்டையைப் பரணில் போட்டிருப்பேன் என்று நான் சிறுவயதில் ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை; மீதிக் கதையைச் சொன்னார்.

மீதிக் கதை இதுதான். நாற்பதைக் கடந்த பேராசிரியர் வீட்டில் அமர்ந்து விதியை நொந்துகொள்ளவில்லை. மகாராஷ்டிர அணியின் தலைவராக நின்று இளைஞர்களை ஒன்று சேர்த்தார். அவர்களுள் ஒருவர் விஜய் ஹசாரே. அந்த அணி 1939-40 பருவத்தில் ரஞ்சிக் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டும் வென்றது. அந்த இரண்டாம் வெற்றியின் இறுதி ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? நம் சென்னையில்! தோற்றது யார்? நம் சென்னை அணி! ஆறு விக்கெட் வித்தியாசத்தில் கோப்பையைப் பூனாவுக்குக் கொண்டுவந்துவிட்டார் பேராசிரியர். இதைச் சொல்லும்போது மட்டும் தாத்தாவின் குரலில் சிறு வருத்தம் தெரியும். மறுகணமே, தகுதியுள்ளவரிடம் தோற்பதில் இழுக்கில்லை என்று தேறிக்கொள்வார்.

அதே பருவத்தில் பம்பாய்க்கு எதிராகப் பூனாவில் நடந்த ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. மகாராஷ்டிரம் 675 ஓட்டங்கள் எடுத்தது. பம்பாய் சளைக்காமல் துரத்தி வந்து 650-இல் ஓய்ந்தது. இருபத்தைந்தே ஓட்டங்கள் வெற்றியைத் தீர்மானித்தன. மகாராஷ்டிரத்தின் 675-இல் தியோதர் ஒருவர் எடுத்தவை 246. அப்போது அவருக்கு 48 வயது! அவருடைய ஆட்ட வாழ்வின் மிகப் பெரிய எண்ணிக்கையும் அதுவே. பலருக்குக் கால்கள் தளரும் வயதில் அவருக்குச் சிகரம் வாய்த்தது.

அத்தோடும் நிற்கவில்லை. 1944-இல், 52 வயதில், நவநகர் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தின் இரண்டு இன்னிங்சிலும் சதம் அடித்தார்: முதலில் 105, பிறகு 141. எதிரே நின்று பந்து வீசியவர்களில் பலர் அவர் வகுப்பில் மாணவராக அமர்ந்திருக்கத் தக்க வயதினராய் இருந்திருப்பார்கள்.

அவர் இழந்த வாய்ப்பு வேறு வகையில் பலன் தந்தது என்றும் சொல்லலாம். அவர் தலைமையின் கீழ் ஆடி வளர்ந்த ஹசாரே பின்னாளில் இந்திய அணியின் தலைவரானார். 1952-இல் சென்னைச் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வென்று, இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்தார். பூனாவில் ஊன்றிய விதை சென்னையில் கனிந்தது. கோப்பையை எடுத்துச் சென்ற பேராசிரியர் கடனைத் திருப்பித் தந்துவிட்டார் என்பது தாத்தாவின் கணக்கு!

தம்மோடு விளையாட்டு நின்றுவிட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவருடைய புதல்வியர் தாரா, சுந்தர், சுமன் மூவரும் பூப்பந்தாட்டத்தில் புகழ் பெற்றனர். பெண்கள் மைதானத்துக்கு வருவதே அரிதாக இருந்த 1940-களில் அச்சகோதரியர் நாடறிந்த வீராங்கனைகளாய்த் திகழ்ந்தனர். ஊருக்கு ஒரு நீதி, வீட்டுக்கு ஒரு நீதி என்று அவர் வாழவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆட்டத்தை விட்ட பின்னும் தேர்வாளராகவும் நிர்வாகியாகவும் கிரிக்கெட்டுக்குத் தொண்டு செய்தார். 1965-இல் பத்மஸ்ரீ விருதும், 1991-இல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. 1973-74-இல் மண்டல அணிகளுக்கு இடையே தொடங்கிய ஒருநாள் போட்டிக்குத் தியோதர் கோப்பை என்று பெயரிட்டார்கள். தம் பெயரால் வழங்கும் கோப்பையை இளைஞர்கள் ஏந்துவதை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உயிரோடிருந்து கண்டார். சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்த அப்போட்டி 2023-இல் மீண்டும் நடந்தபோது, களமாக அமைந்தது நம் புதுச்சேரி, வென்றது தென்மண்டலம்.

மைதானத்தில் பல சதம் கண்டவர் வாழ்விலும் சதம் கண்டார். 1992 ஜனவரியில் அவருக்கு நூறு நிறைந்தது. 1993 ஆகஸ்டுத் திங்கள் 24-ஆம் நாள், 101-ஆம் வயதில், மறைந்தார். 1996-இல் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

சென்ற வாரம் அக்கல்லூரி வாயிலில் சிறிது நேரம் நின்றேன். மாணவர்கள் சிலர் புத்தகங்களோடு உள்ளே சென்றார்கள். சிலர் மட்டைகளோடு வெளியே வந்தார்கள். பேராசிரியர் பார்த்தால் இரு சாராரையும் வாழ்த்தியிருப்பார் என்று தோன்றியது.

நண்பர்களே! நம்முள் ஓராண்டு வீணானதற்கு வருந்துவோர் உண்டு. விரும்பிய இடம் கிடைக்காமல் வேறு துறையில் சேர்ந்து ஏங்குவோர் உண்டு. இருபத்திரண்டு வயதில் காலம் கடந்துவிட்டது என்று பேசுகிறோம். நாற்பதில் கதவடைக்கப்பட்ட ஒருவர் நாற்பத்தெட்டில் 246 அடித்த ஊரில் இருந்துகொண்டு நாம் அப்படிப் பேசலாமா? கிடைக்காத ஆட்டத்தை எண்ணி ஏங்குவதைவிட, கிடைத்த ஆட்டத்தை நன்றாக ஆடுவதே அறிவுடைமை.

தாத்தா, நீங்கள் சொன்ன இடத்தைப் பார்த்துவிட்டேன். கடிதம்தான் தாமதமாகிவிட்டது. ஊருக்கு வரும்போது உங்கள் கைப்பந்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு நான் மைதானத்துக்குப் போவேன்.