மண் சுவரால் வெக்கையை மறித்தவர்

தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலைக் கழித்தவர்களுக்கு வெக்கை என்றால் என்ன என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை. மத்தியானத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் வேப்பமரத்தடிக்குப் பாய் கொண்டுபோனவர்கள் எங்களில் எத்தனையோ பேர். அந்த வெக்கையிலிருந்து ஏழைகளின் வீட்டைக் காக்கவென்றே உழைத்த ஒருவர் எகிப்தில் இருந்தார். கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி.

1900இல் அலெக்சாந்திரியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் இரும்புக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, ஏழை எதைக்கொண்டு வீடு கட்டுவான் என்று தேடினார். அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தனார்கள், தாங்கும் மரச்சட்டம் எதுவுமின்றி, சுடாத மண்கல்லாலேயே வளைகூரை எழுப்புவதைக் கண்டார். விடை காலடியில் கிடந்தது.

லக்சோருக்கு எதிரே, பண்டைய கல்லறைகளின் மேல் குடியிருந்த குர்னா மக்கள் சுமார் 7,000 பேர். கல்லறைத் திருட்டைக் காரணம் காட்டி அவர்களை அகற்ற அரசு முடிவெடுத்தது. 1945இல் புதிய ஊரைக் கட்டும் பொறுப்பு ஃபத்ஹியிடம் வந்தது. தடித்த மண் சுவர், நடு முற்றம், மேலே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் 'மல்கஃப்' என்ற காற்றுவாங்கி என்று ஒவ்வொன்றையும் வெயிலை எண்ணியே அமைத்தார்.

ஆனால் சனம் வரவில்லை. பிழைப்பு கல்லறைகளைச் சுற்றியே இருந்தது. குவிமாடமோ அவர்களுக்குச் சமாதியை நினைவூட்டியது. அதிகாரிகளின் இழுத்தடிப்பும் சேர, ஊரில் ஒரு பகுதி எழுந்ததோடு வேலை நின்றது. அந்தத் தோல்வியை மறைக்காமல் பின்னர் ஒரு நூலாகவே எழுதினார்.

1964இல் கெய்ரோவில் நடந்த பரிசோதனை அவர் கணக்கைச் சரியென்று காட்டியது. மண்கல் அறைக்குள் வெப்பம் 21 முதல் 23 பாகை செல்சியசுக்குள் நின்றது. கொங்கிறீட் அறை 36ஐத் தொட்டது. அது வெளியே இருந்ததைவிட 9 பாகை அதிகம். 1989இல் ஃபத்ஹி கெய்ரோவில் காலமானார். அந்நகரின் ஓரங்களில் எளியவர்கள் தாமாகக் கட்டிக்கொண்ட குடியிருப்புகளோ செங்கல்லும் கொங்கிறீட்டுமாகவே உயர்ந்தன.

வீடு குளிர்ச்சியாக இருந்தால் மட்டும் போதாது, அங்கே போக மனிதர் சம்மதிக்கவும் வேண்டும். கேளாமல் இடம்பெயர்க்கப்பட்ட எங்களுக்கு, குர்னா மக்கள் ஏன் நகர மறுத்தார்கள் என்பது விளங்கும். அவர்களுக்காக ஃபத்ஹி எழுப்பிய சுவரின் அருமையும் விளங்கும்.