கரோலின் நார்ட்டன் அம்மையார்

நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தியாராகிய கரோலின் அம்மையார் 1808-ம் ஆண்டு லண்டன் மாநகரிற் பிறந்தார். 1827-ல் ஜார்ஜ் நார்ட்டன் என்னும் பாரிஸ்டரை மணந்தார். கணவரோ முரடர், அடிக்கவும் தயங்கார். அம்மையார் நூலெழுதிப் பொருளீட்டினார். அப்பொருளும் அந்நாட்டுச் சட்டப்படி கணவருடையதே!

1836-ல் கணவர் தம் புத்திரர் மூவரையும் தாயினின்று பிரித்தார். அம்மையாரோடு தகாத நட்புக் கொண்டாரெனப் பிரதம மந்திரி மெல்போர்ன் பிரபுவின்மேல் வழக்கும் தொடுத்தார். அவ்வழக்கில் வாய்திறக்க அம்மையாருக்கு உரிமையில்லை. ஜூரிகள் இருக்கையை விட்டெழாமலே பிரபு குற்றமற்றவரென்றனர். ஆயினும் மக்கள் தாயிடம் மீளவில்லை. ஏனெனில் மக்கள் தந்தைக்கே உரியர் என்பது அக்காலத்துச் சட்டம்.

அம்மையார் சிறு நூல்கள் பல எழுதிப் பார்லிமெண்டு அங்கத்தினருக்கு அனுப்பினார். ஆண் பெண் சமத்துவத்தை அவர் வேண்டினாரல்லர், பிள்ளைகளையே வேண்டினார். டால்ஃபர்ட் என்பார் கொணர்ந்த மசோதாவை 1838-ல் பிரபுக்கள் சபை தள்ளிற்று. மறு ஆண்டு அது சட்டமாயிற்று. கற்புநெறி தவறினாளென்று தீர்ப்புப் பெறாத தாய், ஏழு வயதுக்குட்பட்ட மக்களைத் தன்பால் வைத்துக்கொள்ளவும், மூத்தவரைக் கண்டுவரவும் சான்ஸரி நியாயஸ்தலத்தில் விண்ணப்பிக்கலாமென்று அஃது இடமளித்தது.

என்ன பயன்? சிறுவர் ஸ்காத்லாந்தில் இருந்தனர். சட்டமோ அங்குச் செல்லாது. 1842-ல் இளைய மகன் வில்லியம் குதிரையினின்று வீழ்ந்து, புண் புரையோடி மாண்டான். தாய் வந்து கண்டது உயிரற்ற உடலையே. அதன் பின்னரே கணவர் மனமிளகி, மற்றையிருவரையும் தாயிடம் சென்றுவர விடுத்தார்.

1857-ல் விவாகரத்துச் சட்டம் பிறந்தது. அதற்காகவும் எழுதிப் போராடிய அம்மையார் தமக்கு விவாகரத்துப் பெற்றிலர். 1875-ல் கணவர் இறந்தார். 1877-ல் பழைய நண்பர் ஸ்டர்லிங் மாக்ஸ்வெல்லை மணந்த அம்மையார், சில மாதங்களிலே காலமானார்.