சூலியா தெரு கிளினிக்கிலிருந்து ஹார்பின் வரை: கொள்ளைநோயை அடக்கிய பினாங்கு டாக்டர் வூ லியன் தே

பினாங்கு சூலியா தெருவைத் தெரியாத தமிழர் மலேசியாவில் குறைவு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த வணிகர்களால் அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கத்திலேயே இருக்கிறது. குயின் தெரு மாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரம்தான். 1904-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் 25 வயது சீன டாக்டர் ஒருவர் அங்கே கிளினிக் திறந்தார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். லிவர்பூல், ஜெர்மனி, பாரிஸ் என்று பேர்பெற்ற ஆய்வுக்கூடங்களில் பயின்றவர். இப்படிப்பட்டவர் அரசாங்க மருத்துவமனையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? அதற்கு வழியில்லை. காலனி ஆட்சியின் மருத்துவத் துறையில் மேல்பதவிகள் எல்லாம் பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும்தான். ஆசியர் எவ்வளவு படித்திருந்தாலும் அவர்களுக்குக் கீழேதான் வேலை செய்ய வேண்டும்.

அவர்தான் வூ லியன் தே. அடுத்த ஆறேழு ஆண்டுகளில், ஏறக்குறைய 60,000 உயிர்களைக் குடித்த ஒரு கொள்ளைநோயை அடக்கியவர் என்று உலக நாடுகள் அவரைக் கொண்டாடின.

1879 மார்ச் 10-ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் பிறந்தார். அப்பா சீனாவின் தைஷான் பகுதியிலிருந்து பிழைக்க வந்த பொற்கொல்லர். அம்மா பினாங்கிலேயே பிறந்த ஹக்கா சீனப் பெண். வீடு நிறையப் பிள்ளைகள். அந்தக் காலப் பள்ளிப் பதிவுகளில் வூ லியன் தே என்று தேடினால் கிடைக்க மாட்டார். ஹொக்கியன் உச்சரிப்பில் ஙோ லியன் டக் என்றுதான் அவர் பெயர் இருந்தது. கேம்பிரிட்ஜில் அதுவும் சுருங்கி ஜி. எல். டக் ஆனது. எழுத்தர் எழுதி வைத்ததே பெயராகிப்போன கதை நம் குடும்பங்களுக்கும் புதிதல்ல.

1816-இல் தொடங்கப்பட்ட பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்தார். அப்போது பள்ளி ஃபார்க்குவார் சாலையில், இன்று அரும்பொருளகம் இருக்கும் இடத்தில் இருந்தது. 1896-இல் மகாராணியார் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அந்தப் பணத்தில்தான் பொற்கொல்லர் மகன் கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரிக்குப் போனார். அந்தப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் அவர். லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். பிறகு லிவர்பூலில் ரொனால்டு ராஸின் கீழ் ஆய்வு செய்தார். இந்தியாவில் பிறந்து, 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த அதே ராஸ்தான். பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்திலும் சில காலம் இருந்தார்.

1903-இல் மலாயா திரும்பியதும் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் கால் வீங்கி, நெஞ்சடைத்து, கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. தீட்டிய வெள்ளை அரிசியில்தான் வினை இருக்கிறது என்பது அப்போது இன்னும் உறுதியாகவில்லை. ஆராய்ச்சியிலேயே இருந்திருப்பார். நிலையான பதவி இல்லாததால் பினாங்குக்கு வந்து சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

அங்கேயும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்துக்குக் கள்ளுக்கடை எப்படியோ, துறைமுகத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் அபின் அப்படி. நாள் முழுக்க உழைத்தவன் கூலியை அபின் கடையில் கொட்டிவிட்டுப் போவான். அபின் வரி காலனி அரசாங்கத்தின் பெரிய வருமானம். பினாங்கின் செல்வந்தர்கள் பலருக்கும் அதில் பங்கு உண்டு. வூ அபின் எதிர்ப்புச் சங்கம் அமைத்து, 1906-இல் மலாயா முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 3,000 பேரைத் திரட்டி மாநாடு நடத்தினார். மறு ஆண்டே அவருடைய மருந்தகத்தில் சோதனை. சுமார் ஓர் அவுன்ஸ் அபின் கலந்த மருந்து கிடைத்தது என்று வழக்கு, அபராதம். எந்த மருத்துவரிடமும் இருக்கக்கூடிய மருந்துதான் அது. அபினை எதிர்த்தவரை அபின் வைத்திருந்த குற்றவாளியாக்கியதில் யாருடைய கை இருந்தது என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அவமானப்பட்டுக் கிடந்த நேரத்தில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியன்ஜின் நகரில் இருந்த ராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநர் பதவி. 1908-இல் கப்பல் ஏறினார். பீக்கிங் அதிகாரிகள் பேசும் சீனமொழிகூட அவருக்குச் சரியாக வராது. போன பிறகுதான் கற்றுக்கொண்டார்.

1910 அக்டோபரில் ரஷ்ய எல்லையை ஒட்டிய மஞ்சூரிய ரயில் ஊர்களில் ஆட்கள் திடீர் திடீரென்று சாகத் தொடங்கினார்கள். காய்ச்சல், இருமல், ரத்தம் கக்குதல். இரண்டொரு நாளில் முடிந்துவிடும். நோய் ரயிலோடு பயணம் செய்து ஹார்பினுக்கு வந்து சேர்ந்தது. ரஷ்யாவும் ஜப்பானும் மஞ்சூரியாவின் மீது கண் வைத்திருந்தன. சீனாவால் நோயை அடக்க முடியாவிட்டால் அதையே சாக்காக வைத்து உள்ளே நுழைந்துவிடும் நிலை. பீக்கிங் அரசாங்கம் 31 வயது வூவை அனுப்பியது. டிசம்பர் 24-ஆம் தேதி ஒரே ஒரு மாணவ உதவியாளரோடும் மைக்ராஸ்கோப்போடும் ஹார்பினில் இறங்கினார்.

சீனர்கள் வாழ்ந்த ஃபூஜியாடியன் பகுதியில் சுமார் 24,000 பேர். தாழ்ந்த கூரை, இறுக மூடிய சன்னல், ஒரே படுக்கை மேடையில் பத்துப் பதினைந்து பேர் என்று வீடுகள். வெளியே எலும்பை உறைய வைக்கும் குளிர். வந்த சில நாட்களிலேயே சத்திரம் நடத்திய ஒரு ஜப்பானியப் பெண் இறந்த செய்தி கிடைத்தது. பிணத்தை அறுப்பது சீன வழக்கத்தில் பெரும்பாவம். ஆனாலும் வூ அந்த உடலை அறுத்து, நுரையீரலிலிருந்தும் மற்ற உறுப்புகளிலிருந்தும் மாதிரி எடுத்தார். மைக்ராஸ்கோப்பின் கீழ் பிளேக் கிருமிகள் மொய்த்துக் கிடந்தன. உள்ளூர் அதிகாரிகளை அழைத்து அவர்கள் கண்ணாலேயே பார்க்க வைத்தார்.

பிளேக் என்பது உறுதியாயிற்று. சிக்கலே அங்குதான் ஆரம்பித்தது. 1896-இல் பம்பாயில் வெடித்த பிளேக் இந்தியாவில் லட்சக்கணக்கானோரைக் கொன்றிருந்தது. அங்கே பல ஆண்டுகள் நடந்த ஆய்வில் எலியும் எலித்தெள்ளுமே நோயைப் பரப்புகின்றன என்று நிரூபிக்கப்பட்டிருந்தது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டும் பிளேக் அது. பம்பாய் ஆய்வு சரியானதுதான். ஆனால் உலகத்து மருத்துவர்கள் எல்லா பிளேக்கையும் அந்த ஒரே கண்ணாடியால் பார்த்தார்கள். ஹார்பினில் யாருக்கும் நெறிகட்டவில்லை. எல்லாருக்கும் நுரையீரலில்தான் நோய். குளிரில் எலிகளும் அதிகம் நடமாடவில்லை. பிற்பாடு மூக்டேனில் ஆயிரக்கணக்கான எலிகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் பரிசோதித்தபோதும் ஒன்றில்கூடக் கிருமி இல்லை. மனிதன் இருமும்போது தெறிக்கும் துளிகளின் வழியாக, மூச்சுக்காற்றில், இந்த நோய் மனிதனுக்குத் தொற்றுகிறது என்றார் வூ. எலி பிடித்துப் பயனில்லை, மூக்கையும் வாயையும் மூட வேண்டும் என்றார்.

அதற்காக அவர் செய்த முகக்கவசம் வெகு எளிமை. மருத்துவமனைத் துணியை நீளமாக வெட்டி, நடுவில் பஞ்சை வைத்து மடித்து, இரு முனைகளையும் கிழித்துத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட வேண்டியதுதான். சில காசுகளில் முடிந்துவிடும். யாரும் செய்யலாம்.

ஜனவரி தொடக்கத்தில் ஜெரால்டு மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் உதவிக்கு வந்தார். வூவைவிட வயதிலும் பதவியிலும் மூத்தவர். ஏற்கெனவே பிளேக்கைக் கையாண்ட அனுபவம் அவருக்கு உண்டு. காற்றில் பரவும் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. ஒரு சீனன் தனக்குப் பாடம் சொல்வதா என்று கோபத்தில் கத்தி, அடிக்கவே வந்துவிட்டார். வூ விலகிக்கொள்வதாகப் பீக்கிங்குக்குத் தந்தி அடித்தார். அரசாங்கம் வூவின் பக்கம் நின்றது. இதற்கிடையில் மெஸ்னி ரஷ்ய மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பரிசோதித்தார். அங்கி, தொப்பி, கையுறை எல்லாம் அணிந்திருந்தார். முகக்கவசம் மட்டும் இல்லை. ஜனவரி 11-ஆம் தேதி அவர் இறந்தார்.

அதன் பிறகு ஹார்பினில் முகக்கவசம் இல்லாமல் தெருவில் இறங்க ஆட்கள் பயந்தார்கள். கண்ணெதிரே இருந்த சான்றை நம்பாமல் பழைய அனுபவத்தை நம்பியவர் அவர். அவர் மேல் குறை சொல்வதைவிட, அவர் போன பிறகே மற்றவர்கள் நம்பினார்கள் என்பதுதான் வருத்தம்.

நகரை நான்கு பகுதிகளாகப் பிரித்து வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயாளியோடு பழகியவர்களைத் தங்க வைக்க ரஷ்ய ரயில்வேயிடம் சரக்குப் பெட்டிகளை இரவல் வாங்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் போக்குவரத்தைத் தடுத்து நின்றார்கள். சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பத் துடித்த கூலித் தொழிலாளர்களை ரயிலேற விடவில்லை. கடுமையான நடவடிக்கைதான். பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று பிணத்தை ராத்திரியில் தெருவில் வீசிவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு இதன் வலி கொஞ்சமாவது புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வூவிடம் மருந்து கிடையாது. நுரையீரல் பிளேக் கண்டவர் பிழைத்ததாகப் பேச்சே இல்லை. அதைக் குணப்படுத்தும் மருந்து 1940-களில்தான் வந்தது. வந்தவரைக் காப்பாற்ற முடியாது, அடுத்தவருக்கு வராமல் தடுக்கலாம் என்ற ஒரே வாய்ப்புதான் அவர் கையில் இருந்தது. அதற்காக உழைத்த சுமார் 3,000 ஊழியர்களில் கிட்டத்தட்ட 300 பேர் உயிரை விட்டார்கள்.

ஜனவரி இறுதியிலும் சாவு குறையவில்லை. இடுகாட்டைப் பார்க்கப் போன வூ திகைத்துப்போனார். மண் கல்லாக உறைந்து கிடந்ததால் குழி தோண்ட முடியாமல் 2,000-க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்குள் கிருமி உறைந்து உயிரோடு இருக்கும். எரித்துவிடலாம் என்றால், முன்னோரைப் புதைத்து வழிபடும் சீனர்களுக்கு அதைவிடப் பெரிய இழிவு இல்லை. உள்ளூர்ப் பெரியவர்களை அழைத்துப் போய் அந்த வரிசையைக் காட்டினார். அவர்களும் கையெழுத்திட, அரசவைக்கு விண்ணப்பம் போனது. அனுமதி வந்தது. புத்தாண்டு பிறந்த மறுநாள், ஜனவரி 31-ஆம் தேதி, தீ மூட்டினார்கள். புத்தாண்டு அன்று வீட்டுக்குள் கெட்ட காற்று தங்காமல் பட்டாசு கொளுத்துங்கள் என்றும் மக்களிடம் சொல்லியிருந்தார். அறிவியலை ஊர் வழக்கத்தின் வழியாகவும் கொண்டுபோகத் தெரிந்த மனிதர்.

மார்ச் 1-ஆம் தேதி ஹார்பினில் கடைசி நோயாளி. ஏப்ரலில் மூக்டேன் நகரில் 11 நாடுகள் கலந்துகொண்ட அனைத்துலக பிளேக் மாநாட்டுக்கு வூ தலைமை தாங்கினார். பிளேக் கிருமியைக் கண்டவர்களில் ஒருவரான ஜப்பானின் கிட்டசாட்டோ போன்ற பெரும்புள்ளிகள் அந்த அவையில் இருந்தார்கள். அதே ஆண்டு இறுதியில் ஹேக் நகரில் கூடிய அனைத்துலக அபின் மாநாட்டுக்கும் சீனப் பிரதிநிதியாகப் போனார். பினாங்கில் அபின் வழக்கில் அபராதம் கட்டியவர்!

நோய் எங்கிருந்து புறப்பட்டது என்ற கேள்வியை அவர் விடவில்லை. மங்கோலியப் புல்வெளியில் தார்பகான் என்றொரு பிராணி உண்டு; வளைக்குள் வாழும் பெரிய அணில் இனம். ஐரோப்பாவில் அதன் தோலுக்கு விலை ஏறியதும் அனுபவமில்லாத ஆயிரக்கணக்கானோர் வேட்டைக்குக் கிளம்பினார்கள். நோய்ப்பட்ட தார்பகானைத் தொடக்கூடாது என்பது அந்த மண்ணின் பழைய வேட்டைக்காரர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. பிடித்து, தோலுரித்து, நெரிசலான சத்திரங்களில் படுத்து, ரயிலேறினார்கள். உலகச் சந்தையில் ஏறிய ஒரு விலை எப்படிக் கொள்ளைநோயாக மாறும் என்பதைக் கிருமி ஆய்வோடு சேர்த்துக் காட்டியதுதான் வூவின் தனிச்சிறப்பு. 1912-இல் தொடங்கிய வட மஞ்சூரிய பிளேக் தடுப்புப் பணியகத்தை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடத்தினார். புல்வெளிக்கே போய்த் தங்கி ஆராய்ந்தார். 1920-21-இல் அதே நோய் திரும்பி வந்தபோது சுமார் 9,300 பேருடன் நின்றது. நுரையீரல் பிளேக் பற்றிய அவருடைய பெருநூலை 1926-இல் சர்வதேசச் சங்கம் வெளியிட்டது.

சீன மருத்துவச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர் அவர். 1930-இல் சீனத் துறைமுகங்களின் நோய்த்தடுப்புப் பணி வெளிநாட்டார் கையிலிருந்து மாறியபோது அதற்கும் அவரே தலைவர். 1935-இல் மருத்துவ நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிந்துரைகளை 50 ஆண்டுகள் வெளியிடக்கூடாது என்பது நோபல் விதி. ஆகவே அவர் வாழ்ந்த காலத்தில் இது வெளியே வரவேயில்லை. மலாயாவில் பிறந்தவர்களில் முதலாவதாக அந்தப் பட்டியலில் இடம்பெற்றவர்.

1937-இல் ஜப்பானியப் படையெடுப்பு எல்லாவற்றையும் கலைத்தது. மலாயா திரும்பி ஈப்போவில் கிளினிக் வைத்தார். உலக மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மறுபடியும் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். இல்லாதவர்களிடம் பணம் வாங்குவதில்லை. ஜப்பானியர் ஆட்சியில், 1943-இல், காட்டிலிருந்த போராளிகள் அவரைக் கடத்திப் பிணைப்பணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். பணம் கொடுத்ததால் ஜப்பானியர் சந்தேகப்பட்டார்கள். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு ஜப்பானிய அதிகாரியின் தயவில் தப்பினார். போருக்குப் பிறகு ஈப்போவில் பொது நூலகம் அமைய நிதி திரட்டி அலைந்தார்.

1959-இல் தன் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். கடைசிக் காலத்தைப் பிறந்த ஊரில் கழிக்க ஆயர் ஈத்தாமில் ஒரு வீடு வாங்கினார். அங்கே அதிக நாள் இருக்க வாய்க்கவில்லை. 1960 ஜனவரி 21-ஆம் தேதி, 80-ஆவது வயதில் காலமானார். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஒரு விளையாட்டு இல்லத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. பள்ளிக்கு அருகில் உள்ள குடியிருப்புக்கு தாமான் வூ லியன் தே என்று பெயர்.