சக்கர நாற்காலியில் அமர்ந்த மருத்துவர்

காட்பாடியிலிருந்து பாகாயம் செல்லும் பேருந்தில் நான் எத்தனையோ முறை சென்றிருக்கின்றேன். பாகாயத்தில் மேரி வர்கீஸ் என்னும் பெயரைத் தாங்கி நிற்கும் மறுவாழ்வு நிலையத்தையும் பார்த்திருக்கின்றேன். பெயரைப் படித்தேனே அன்றி, அவர் யார் என்று ஒருவரையும் கேட்டதில்லை. கேட்கும்படி ஆனது சென்ற ஆண்டுதான்.

ஆம்பூரில் என் அக்காள் மகனுக்கு வயது ஏழு. பிறவியிலேயே கால்கள் இறுகியவன். காலிப்பர் அணிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். அவனைச் சேர்க்கப் போன பள்ளியில், மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்க அவனால் முடியும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். மாமா ஷூ கம்பெனியில் தோல் வெட்டுபவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எழுதி வாங்கி வந்தார். அடுத்த முறை வேறொரு சான்று வேண்டும் என்றார்கள். முடியும் என்று நாங்கள்தாம் மெய்ப்பிக்க வேண்டுமாம். முடியாது என்பவர் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லையாம்! அந்த இரண்டாம் சான்றுக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் இந்த அம்மையாரின் வரலாற்றை முதன்முதலாகக் கேட்டேன். பிறகு தேடிப் படித்தேன்.

மேரி வர்கீஸ் 1925-இல் கொச்சிச் சீமையில் பிறந்தவர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். அக்கல்லூரியின் பிறப்பே ஒரு வழக்கைப் போன்றது. 1918-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, பெண்களால் இப்படிப்பு ஆகுமா என்று ஐயுற்றவர் பலர். 1922-இல் பதினான்கு பெண்கள் படித்து முடித்து வெளிவந்த பின்னரே அந்த வாய்கள் அடங்கின. ஆண்களைப் பார்த்து எவரும் அவ்வாறு கேட்டதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

1954 ஜனவரியில், உடன் பணிபுரிந்தவர்களோடு மேரி வர்கீஸ் உலாச் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகம் கிழிந்தது, தண்டுவடம் சிதைந்தது. உயிர் பிழைத்தார். ஆயின் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. இருபத்தெட்டு வயது இளம் மருத்துவர்! நடக்க இயலாத ஒருவர் மருத்துவம் செய்யலாமா என்று அக்காலத்தில் எவரும் விவாதிக்கக்கூட இல்லை. விடை முன்னரே முடிவாகி இருந்தது.

அவ்விடையை ஏற்காதவர் ஒருவர் இருந்தார். அவர் டாக்டர் பால் பிராண்ட். அவரைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் மெய்ப்பிக்கும் சுமையை மருத்துவத்தில் எவ்வாறு சுமக்க வேண்டும் என்பதை நம் மாவட்டத்தில் செய்து காட்டியவர் அவர்.

தொழுநோயாளரின் சதை கெட்ட சதை, அது ஆறாது, விரல்கள் தாமே அழுகி உதிரும் என்பதே அன்றைய மருத்துவ உலகின் நம்பிக்கை. ஆகவே அக்கைகளில் அறுவை செய்ய எவரும் முன்வரவில்லை. 1946-இன் இறுதியில் வேலூருக்கு வந்த பிராண்ட், அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் நோயாளி ஒருவரின் மடங்கிய கையைப் பற்றினார். அப்பிடியின் வலிமை அவரைத் திகைக்க வைத்தது. செயலற்றதாகத் தோன்றிய அக்கையில் நல்ல தசைகள் உயிரோடு இருந்தன. 1948 முதல் அத்தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தினார். புண் ஆறியது.

எனினும் அது போதுமான சான்றாகாது. நிமிர்ந்த விரல்கள் மீண்டும் சிதைந்தால், கெட்ட சதை என்றவர்களே வென்றவர் ஆவர். 1951-இல் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் நோயாளிகளின் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சுடுகின்ற பாத்திரத்தைத் தொட்டது, கருவியின் பிளந்த கைப்பிடியைப் பிடித்தது என்று ஒன்றொன்றாகத் தெரிந்தது. இரவில் தூங்கும்போது விரலின் நுனி காணாமற் போனதற்கும் காரணம் அகப்பட்டது, எலி! வலி தெரியாததால் உறங்குபவர் விழிக்கவில்லை. அதன்பின் பூனை வளர்த்தார்கள். நோய் விரலைத் தின்னவில்லை, வலியின்மையே அதைக் காவலின்றி விட்டது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. காலில் வரும் புண்ணுக்கும் அழுத்தமே காரணம் எனக் கண்டு, மென்மையான ரப்பர் அடிவைத்த செருப்புகளை உருவாக்கினார்கள். தோலையும் செருப்பையும் நம்பி வாழும் நம் பகுதியில், செருப்புத் தைக்கும் கை மருத்துவம் செய்யும் கையானது எனக்குப் பெருமையாகவே இருக்கின்றது.

இந்தப் பிராண்ட்தான் மேரி வர்கீஸிடம், கைகளுக்கான அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்பதை எடுத்துச் சொன்னார். நோயாளியின் கை மேசைமேல் இருக்கும். மருத்துவர் நிற்க வேண்டிய தேவையே இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்மையார் தொழுநோயாளரின் கைகளை நிமிர்த்தத் தொடங்கினார். உணர்ச்சியற்ற கைகளைச் சீராக்கியவர், தாமே உணர்ச்சியற்ற கால்களை உடையவர். ஒரே நிலையில் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் அழுத்தப் புண் வரும். தம் உடலை அடிக்கடி தாமே தூக்கி அமர்த்தி அவர் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நோயாளிகளுக்கு அவர் கூறிய எச்சரிக்கை புத்தகத்திலிருந்து வந்ததன்று.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கின் நிலையத்தில் அத்துறையையே பாடமாகப் பயின்றார். 1963-இல் வேலூரில் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுத் துறையின் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர் எனத் தண்டுவடம் ஒடிந்து வந்தவர்களை நாற்காலியில் அமர்ந்த மருத்துவரே வரவேற்றார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-இல் மறைந்தார்.

படிக்கும்போது எனக்குள் ஓர் ஐயம் எழுந்தது. புதிய சிகிச்சை பயன் தரும் என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். அது முறைதான், நோயாளிக்கு அதுவே காவல். பிராண்ட் அச்சுமையை மனமுவந்து சுமந்தார். ஆனால் ஒரு மனிதர் படிக்கலாமா, பணி செய்யலாமா என்ற கேள்வியில் அதே சுமையை அவர் தலையில் வைப்பது எப்படி முறையாகும்? பிராண்டைப் போன்ற ஒருவர் அருகில் இல்லாதிருந்தால் மேரி வர்கீஸ் எதைக் கொண்டு மெய்ப்பித்திருப்பார்? வாய்ப்புக் கிடைத்த பிறகுதானே சான்றே பிறந்தது!

சட்டம் இவ்விடத்துக்கு மெல்லத்தான் வந்து சேர்ந்திருக்கின்றது. நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, தக்க நோக்கத்துக்குப் பொருத்தமான வழி என்று காட்டப்பட்டாலன்றி உடற்குறையைக் காரணமாக்கி எவரையும் வேறுபடுத்தக் கூடாது என்கின்றது. அதாவது காட்ட வேண்டியவர் மறுப்பவர். ஆறு முதல் பதினெட்டு வயது வரை கட்டணமில்லாக் கல்வியை 31-ஆம் பிரிவு உரிமையாக்குகின்றது. ஆயினும் மருத்துவப் படிப்புக்கு இரு கைகளும் குறையின்றி, உணர்ச்சியோடு இருக்க வேண்டும் என்ற விதி நெடுநாள் நின்றது. ஊனத்தின் விழுக்காடு மட்டுமே தடையாகாது, படிக்க இயலாது என்றால் மதிப்பீட்டு வாரியம் காரணம் கூற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. இரு கைகள் பற்றிய விதியை 2025-இல் கடுமையாக மறுத்தது. அமெரிக்காவிலோ, 2005-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் சிறப்புக் கல்வி வழக்குகளில் முறையிடுபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. பெரும்பாலும் முறையிடுபவர் பெற்றோரே. பதிவேடும் வல்லுநரும் பள்ளியின் பக்கம் இருக்க, வெறுங்கையோடு நிற்பவர் என்ன செய்வார்? இத்தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று.

மூன்றாம் பிரிவையும் 31-ஆம் பிரிவையும் தமிழில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் பள்ளிக்குச் சென்றார். இம்முறை சான்று கேட்கவில்லை. முடியாது என்பதற்கான காரணத்தை எழுதித் தருமாறு அவர்தாம் கேட்டார். எவரும் எழுதித் தரவில்லை. பையன் இப்போது இரண்டாம் வகுப்பில் சன்னலோரம் உட்காருகின்றான். மாடியில் உள்ள கணினி அறைக்கு மட்டும் அவனுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. அதற்கும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றேன்.