ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்

உடுவிலில் படித்த எவருக்கும் எலிசா அக்னியூ அம்மையாரின் பெயர் புதிதல்ல. பெயரை அறிந்த அளவுக்கு அவரை அறிந்திருக்கிறோமா என்பது வேறு விடயம்.

1807 இல் நியூயோர்க்கில் பிறந்தவர் அவர். எட்டு வயதில், புவியியல் பாட வேளையில், கிறிஸ்துவை அறியாத நாடுகளைத் தேசப்படத்தில் காட்டினார் ஆசிரியர். தானும் ஒரு மிஷனரியாக வேண்டுமென்று அன்றே அப்பிள்ளை தீர்மானித்ததாம். ஆனால் வளர்ந்த பின்னும் புறப்பட முடியவில்லை. வீட்டில் பராமரிக்க வேண்டிய உறவினர் இருந்தார்கள். அவர்கள் காலமாகும்வரை கூட இருந்து பணிவிடை செய்தார். ஊழியத்தின் பெயரால் வீட்டுக் கடமையை உதறிவிட்டு வரவில்லை. அவரிடம் எனக்கு முதலில் பிடித்தது இதுதான். 1840 இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824 இல் தொடங்கிய எமது பாடசாலை அப்போது சிறியதொரு விடுதிப் பாடசாலை. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலம். உணவும் உடையும் கொடுத்து, படித்து முடித்தால் சீதனமும் கொடுத்துத்தான் மிஷன் பிள்ளைகளைத் தக்கவைத்தது. அந்த இடத்தில் அக்னியூ அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இருந்தார். முதலில் படித்தவர்களின் பிள்ளைகளுக்கும், பின்னர் பேரப்பிள்ளைகள் சிலருக்கும் அவரே ஆசிரியை. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவியர். அவர் திருமணம் செய்யவில்லை. தலைப்பிலுள்ள பெயர் அப்படி வந்ததே.

அவர் நோக்கம் எழுத்தறிவு மட்டுமல்ல. பிள்ளைகள் கிறிஸ்தவர்களாக வேண்டுமென்று வெளிப்படையாகவே விரும்பினார். அறுநூறுக்கு மேற்பட்டோர் அப்படியே வெளியேறினர். வேறு சமயத்தவரான எங்கள் பழைய மாணவியருக்கு இது சற்று நெருடலாம். மறைத்து எழுதினால் அது அவருடைய வரலாறாக இராது.

நாற்பத்து மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் அமெரிக்கா திரும்பவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போகவில்லையா என்று நண்பர்கள் கேட்டால், வேலை அதிகம், நேரமில்லை என்பார். இன்று கடல் கடந்து வாழும் எம்மில் பலருக்கு, பிறந்த மண்ணைப் பாராமல் நாற்பத்து மூன்று ஆண்டுகள் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

1879 இல் பொறுப்பை இளையவர்களிடம் விட்டு விலகினார். இறுதிக் காலத்தை மானிப்பாயில், மிஷனரிகளான லீச் சகோதரிகளின் வீட்டில் கழித்தார். 1883 யூன் மாதம் நோய் முற்றியது. அவருக்காக ஜெபிக்க வந்த மிஷனரி, விசேடமாக எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார். தன் வேதனையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ஜெபிக்கச் சொன்னார்.

அந்நேரம் அவ்வீட்டின் அறைகளெல்லாம் பெண்களால் நிறைந்திருந்தன. அம்மாவுக்குக் கடுமை என்று கேள்விப்பட்டு ஓடிவந்த அவர்கள், அவரை ஆண்டவர் அழைத்துக்கொள்வதானால் வேதனையின்றி அழைத்துக்கொள்ள வேண்டுமென்று ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.