செவிலித்தாயை இழந்த சிறுவன்

உளவியலை ஒரு பாடமாகவேனும் எடுத்த நண்பர்களுக்கு ஜான் பௌல்பி என்ற பெயர் புதிதன்று. பிணைப்புக் கோட்பாடு என்று எழுதிப் பக்கத்தில் அவர் பெயரையும் போட்டுவிட்டால் தேர்வில் மதிப்பெண் உறுதி. அந்தக் கோட்பாட்டுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருப்பதை விரிவுரைக் குறிப்புகள் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

பௌல்பி 1907ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் லண்டனில், ஆறு பிள்ளைகளுள் நான்காவதாகப் பிறந்தார். தந்தை அரச குடும்பத்துக்கு அறுவை மருத்துவர். செல்வத்திற்குக் குறைவில்லை. ஆனால், அக்கால ஆங்கிலேய மேல்தட்டு வழக்கப்படி பிள்ளைகள் மேல்மாடியில் பணிப்பெண்களிடம் வளர்ந்தனர். தாயைப் பார்ப்பது மாலைத் தேநீருக்குப் பின் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதிகம் கொஞ்சினால் பிள்ளை கெட்டுவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. (கையிலேயே தூக்கிப் பழக்காதே என்று நம் வீடுகளிலும் ஒரு குரல் கேட்பதுண்டு!)

அந்தச் சிறுவனுக்கு உண்மையில் தாயாக இருந்தவர் மின்னி என்னும் செவிலித்தாய். அவனுக்கு நான்கு வயது ஆகும் தறுவாயில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பெற்ற தாயை இழந்ததற்கு நிகரான துயரம் அது என்று பின்னாளில் பௌல்பி கருதினார். நற்றாய், செவிலித்தாய் என இரு தாயரையும் அகப்பாடல்களில் பேசவைத்தவர்கள் நாம். நமக்கு இது புரியாத துயரமன்று.

பிறகு விடுதிப் பள்ளி, கடற்படைக் கல்லூரி, அதைவிட்டு கேம்பிரிட்ஜ். படிப்பு முடிந்ததும், நடத்தைச் சிக்கலுள்ள பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் சில காலம் பணியாற்றினார். அங்கே ஒரு பையன் நிழல்போல அவர் பின்னாலேயே திரிந்தான். இன்னொருவன் யாரோடும் ஒட்டாதவன். திருட்டுக்காக வேறு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன். நிலையான தாய் என்று எவரும் அவனுக்கு இருந்ததில்லை. இவர்களே பௌல்பியை மனநல மருத்துவத்தின் பக்கம் திருப்பினர்.

1944ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வு 44 இளம் திருடர்களைப் பற்றியது. அவர்களுள் 14 பேர் எவர்மீதும் பாசமற்றவர்களாக அவருக்குத் தோன்றினர். அந்த 14 பேரில் 12 பேர் குழந்தைப் பருவத்தில் தாயை நீண்ட காலம் பிரிந்திருந்தவர்கள். திருடாத வேறு 44 பிள்ளைகளிடையே அத்தகைய பிரிவைக் கண்டவர் இருவரே. எண்கள் மலைக்க வைக்கின்றன. ஆனால், யார் பாசமற்றவர் என்று முடிவு செய்தவரும் பௌல்பியே, பிரிவைக் கணக்கெடுத்தவரும் அவரே. இன்று நம் ஆய்வேட்டு மேற்பார்வையாளர் இதை ஏற்றுக்கொள்வாரா என்பது ஐயமே.

போருக்குப் பின் டாவிஸ்டாக் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை அவர் பொறுப்பேற்றார். அக்கால மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் பார்க்க வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்று தாதியர் காரணம் சொல்வர். அந்த அமைதிதான் ஆபத்து என்று கண்டவர்கள் பௌல்பியும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சனும். முதலில் கதறல், பிறகு ஏக்கம், கடைசியில் பற்று அறுந்த வெறுமை. எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியை ராபர்ட்சன் படம்பிடித்து 1952இல் திரையிட்டபோது, மருத்துவர்கள் பலர் சினமடைந்தனர். எனினும் 1959இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. என்னைக் கேட்டால், கோட்பாட்டைவிட இதுவே அவருடைய பெரிய சாதனை.

பாலூட்டுவதால்தான் குழந்தை தாயை நாடுகிறது என்பதே அதுவரை அறிஞர் கூற்று. பௌல்பி விலங்குகளிடம் போனார். முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக்குஞ்சு முதலில் கண்டதன் பின்னால் ஓடும் என்று கொன்ராட் லோரன்ஸ் காட்டியிருந்தார். ஹாரி ஹார்லோவின் குரங்குக்குட்டிகளோ, பால் தரும் கம்பித் தாயை விட்டுத் துணி போர்த்திய தாயையே கட்டிக்கொண்டன. அப்படியென்றால் ஒட்டிக்கொள்ளும் ஆசை பசியைப் போலவே உடலோடு பிறந்தது; அதற்குப் பதில் கொடுப்பதுதான் சூழல். இந்தக் கருத்தை லண்டன் உளப்பகுப்பாய்வாளர்கள் முன் அவர் வைத்தபோது கடும் எதிர்ப்பே கிடைத்தது. அவர் விவாதத்தில் நேரத்தை வீணாக்காமல் 1969, 1973, 1980 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரிய நூல்களாக அதை எழுதி வைத்தார்.

உலக நலவாழ்வு நிறுவனத்துக்காக அவர் எழுதி 1951இல் வெளிவந்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டு, தாய்மார் வேலைக்குப் போகக்கூடாது என்று பேசியோர் உண்டு. இங்குதான் எனக்குச் சினம் வருகிறது. என் பாட்டி இரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைத் தொட்டிலில். அவர் என்ன, விரும்பியா விட்டுப் போனார்? பௌல்பியின் அறிக்கையோ தாய்க்கு மாற்றாக நிலையான ஒருவரையும் ஏற்றது. பெற்றோரைத் தாங்குவது சமுதாயத்தின் கடமை என்றும் சொன்னது. அவரோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வர்த், 1954இல் உகாண்டா சென்று 26 குடும்பங்களைக் கவனித்தார். தாய் எத்தனை மணி நேரம் உடனிருந்தார் என்பதைவிட, குழந்தையின் குறிப்பறிந்து நடந்தாரா என்பதில்தான் அவர் கவனம் நின்றது. ஆயா ஒருவரே ஆண்டுக்கணக்கில் நிலைத்த கொட்டகைக்கும், மாதத்துக்கு ஒருவர் மாறும் பராமரிப்பு நிலையத்துக்கும் உள்ள வேறுபாட்டை இனி யாராவது ஆராய்ந்தால் நான் ஆவலோடு படிப்பேன்.

முதுமையிலும் பௌல்பி ஓயவில்லை. அவர் கடைசியாக எழுதியது சார்லஸ் டார்வினின் வாழ்க்கை வரலாறு. டார்வினை வாழ்நாள் முழுதும் வாட்டிய நோய்க்கு, எட்டு வயதில் தாயை இழந்தும் அந்தத் துயரை வெளியே சொல்ல இயலாமற்போனதே வேர் என்று அதில் வாதிட்டார். அந்நூல் வெளிவந்த 1990ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 2ஆம் நாள், தாம் விரும்பிச் செல்லும் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் காலமானார்.