கதிர்வீச்சை 'டிக் டிக்' எனக் கேட்க வைத்தவர்: யார் இந்த ஹான்ஸ் கைகர்?

ஒரு இருட்டறையில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும், நுண்ணோக்கி வழியே ஒரு சின்னத் திரையைப் பாருங்கள். அதில் அவ்வப்போது மினுக்கென ஒரு ஒளிப்புள்ளி வரும். அதை எண்ண வேண்டும். கண் சிமிட்டினால் ஒன்று போச்சு. இதுதான் உங்க வேலை என்றால் எத்தனை நாள் தாங்குவீர்கள்?

1909-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு ஜெர்மானிய இளைஞர் இதைச் சலிக்காமல் செய்தார். அவர்தான் ஹான்ஸ் கைகர். 'கைகர் கவுண்டர்' என்ற பெயரில் அவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மொழி அறிஞரின் மகன்

கைகர் 1882-ல் ஜெர்மனியில் பிறந்தார். அப்பா வில்ஹெல்ம் கைகர், இலங்கையின் மகாவம்சத்தைப் பதிப்பித்த பாலி மொழி அறிஞர். மகனோ இயற்பியல் பக்கம் போனார். வாயுக்களுக்குள் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்பதை ஆராய்ந்து 1906-ல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு மான்செஸ்டரில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டிடம் சேர்ந்தார்.

அங்கே மாணவர் மார்ஸ்டனுடன் சேர்ந்து, மெல்லிய உலோகத் தகட்டின் மீது ஆல்பா துகள்களைச் செலுத்தினார். சுமார் 8,000 துகள்களில் ஒன்று, சுவரில் பட்ட பந்து மாதிரி திரும்பி வந்தது. இந்த எண்ணிக்கையை வைத்துத்தான், அணுவின் நடுவே ஒரு கரு இருக்கிறது என்று 1911-ல் ரூதர்ஃபோர்டு சொன்னார்.

கண்ணுக்குப் பதில் ஒரு குழாய்

ஆனால் மனிதக் கண் சோர்ந்துவிடும். அதனால் 1908-லேயே இருவரும் மின்சாரத்தால் எண்ணும் கருவி ஒன்றைச் செய்திருந்தார்கள். அதற்கு ஆல்பா துகள் மட்டும்தான் பிடிபட்டது. 1928-ல் கீல் பல்கலைக்கழகத்தில், தன் மாணவர் வால்டர் முல்லருடன் கைகர் அதை மேம்படுத்தினார். பீட்டா, காமா கதிர்களும் சிக்கின.

சரி, இது எப்படி வேலை செய்யுது? ஓர் உலோகக் குழாய், நடுவே மெல்லிய கம்பி, உள்ளே ஆர்கான் போன்ற வாயு, சில நூறு வோல்ட் மின்னழுத்தம். கதிர் உள்ளே வந்தால் வாயு அணுவிலிருந்து எலக்ட்ரான் பிரியும். அது கம்பியை நோக்கிப் பாயும் வழியில் மற்ற அணுக்களை மோதி, மேலும் மேலும் எலக்ட்ரான்களைக் கிளப்பும். அந்த மின் துடிப்புதான் உங்கள் காதில் 'டிக்'.

இரண்டு போர்கள்

முதல் உலகப் போரில் கைகர் ஜெர்மன் பீரங்கிப் படையில் இருந்தார். அவரிடம் வேலை கற்க பெர்லின் வந்திருந்த பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜேம்ஸ் சாட்விக், எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைக்கப்பட்டார். பின்னாளில் நியூட்ரானைக் கண்டுபிடித்தது இதே சாட்விக்தான்.

1920-களில் வால்டர் போதேவுடன் சேர்ந்து, இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் துடித்தால் மட்டும் கணக்கில் எடுக்கும் முறையைக் கைகர் பயன்படுத்தினார். அந்த முறைக்காக 1954-ல் போதேவுக்கு நோபல் கிடைத்தது. கைகர் அப்போது உயிரோடு இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வீட்டை இழந்து, நோயுற்ற உடம்போடு போட்ஸ்டாமுக்குப் போன அவர், 1945 செப்டம்பர் 24 அன்று இறந்தார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது.

இன்று உங்களுக்கு என்ன?

2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடைகளுக்குள் கோபால்ட்-60 வந்தது. அது என்னவென்று தெரியாமலே தொட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். கதிர்வீச்சுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. கருவி இல்லாமல் அது நம் புலன்களுக்குச் சிக்காது.

அதற்காக 'டிக்' கேட்டாலே பயப்பட வேண்டாம். விண்வெளியிலிருந்தும் பாறைகளிலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்வீச்சு எங்கேயும் உண்டு. தோரியம் கலந்த மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் அது இன்னும் வேகமாகத் துடிக்கும். எத்தனை என்று கைகர் குழாய் சொல்லும்; எந்தக் கதிர், எவ்வளவு ஆற்றல் என்று சொல்லாது. கதிர்வீச்சு மிக அதிகமானால் திணறிப்போய்க் குறைத்துக்கூடக் காட்டலாம்.

அந்தக் குறையைத் தீர்க்கப் பிறகு வந்தவர்கள் உழைத்தார்கள். 1968-ல் செர்ன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஷார்பாக், வாயுவுக்குள் ஏராளமான கம்பிகளை வரிசையாக வைத்து, துகள் எந்த இடத்தில் போனது என்றே கண்டுபிடித்தார். 1992-ல் அவருக்கு நோபல். இன்றும் செர்னில் மியூவான் துகள்களைப் பிடிப்பது வாயு நிரப்பிய கருவிகள்தான்.

அடுத்த முறை ஏதாவது படத்தில் அந்த 'டிக் டிக்' கேட்டால், இருட்டறையில் கண் சிமிட்டாமல் எண்ணிக்கொண்டிருந்த அந்த மனுஷனையும் ஒரு நொடி நினைச்சுக்கோங்க.